மாப்பிள்ளை மரத்தில் இருக்கிறார்

எங்கள் தாய்மாமன் மாப்பிள்ளை விசாரிப்பதில் கைதேர்ந்தவர். அக்காவுக்கு ஒரு வரன் வந்தால் போதும், அருப்புக்கோட்டையிலிருந்து முதல் பஸ் பிடித்துப் பையனின் ஊருக்குப் போய்விடுவார். பையன் வீட்டுப் பக்கம் தலைகூடக் காட்டமாட்டார். தெருமுனை டீக்கடையில் மூன்று டீ, இஸ்திரி வண்டிக்காரரிடம் பத்து நிமிடம், சலூனில் ஒரு சவரம். சாயங்காலம் திரும்பி வந்து, பையன் எத்தனை மணிக்கு எழுந்திருக்கிறான், யாரோடு சுற்றுகிறான், எந்தக் கடையில் எவ்வளவு பாக்கி என்று வரிசையாக ஒப்பிப்பார். ஒருமுறை வாசலில் கிடந்த செருப்பை மட்டும் பார்த்துவிட்டு, "இடது குதிகால் தேஞ்சு கிடக்கு. நடையில திமிர் இருக்கு. வேண்டாம்" என்று நல்ல சம்பந்தம் ஒன்றைத் தட்டிவிட்டார். அந்தப் பையன் இப்போது தாசில்தார். அக்கா இன்னும் மாமாவிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

இந்தக் கலை மாமாவோடு முடிந்துபோகும் என்றுதான் நினைத்திருந்தேன். போன பங்குனியில், அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில், பொட்டோசி என்ற சிற்றூரை ஒட்டிய காட்டில், பல் கிட்டும் குளிரில் மண்டி போட்டுக்கொண்டு ஒரு வான்கோழியின் எச்சத்தை டார்ச் அடித்துப் பார்த்தபோதுதான் அது என் ரத்தத்தில் இருப்பது தெரிந்தது.

எல்லாவற்றுக்கும் காரணம் பக்கத்து வீட்டுப் பெரியவர். ஓய்வு பெற்ற தபால்காரர். செயின்ட் லூயிஸ் புறநகரில் நாங்கள் வீடு வாங்கிய நாளிலிருந்து எங்கள் வீட்டுக் குழம்பு வாசத்துக்கு வேலியோரம் வந்து நிற்கிறவர். ஒரு வருடம் தான் சுட்ட காட்டு வான்கோழியின் நெஞ்சுக்கறியைக் கொண்டுவந்து கொடுத்தார். என் மனைவி அதை மிளகும் சோம்பும் தட்டிப்போட்டுச் சுக்கா வறுத்தாள். தட்டை வழித்துவிட்டுப் பெரியவர் சொன்னார்: "அடுத்த வருஷம் நீயும் வர்றே."

வேட்டைக்கும் எனக்கும் அதுவரை இருந்த ஒரே தொடர்பு, சின்ன வயதில் உண்டிவில்லால் ஓணானைக் குறிவைத்து வாத்தியார் வீட்டு ஜன்னலை உடைத்தது. ஆனால் மனைவி எதிரிலேயே அவர் கேட்டுவிட்டதால் மாட்டேன் என்று சொல்ல வழியில்லை.

மிசூரியில் 1967 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள் வேட்டைப் பாதுகாப்புப் பாடம் படித்துத் தேற வேண்டும். பெரியவர் அதற்கு முன்பே பிறந்துவிட்டதால் அவருக்குப் பாடம் கிடையாது. 1967 என்றால் நமக்கு ஆட்சி மாறிய வருடம். இங்கே அது பிறவி ஞானம் நின்றுபோன வருடம் போலிருக்கிறது. பதினைந்து வயதுப் பிள்ளைகளுக்கு நடுவில் உட்கார்ந்து பரீட்சை எழுதினேன். அதில் ஆழமாகப் பதிந்த பாடம் ஒன்று: வான்கோழி வேட்டைக்குப் போகிறவன் உடம்பில் சிவப்பு, வெள்ளை, நீலம் மூன்றும் துளியும் தெரியக்கூடாது. காதல் வெறியில் நிற்கும் சேவலின் தலை இந்த மூன்று நிறங்களில்தான் இருக்கும். சிவப்புக் கைக்குட்டையில் மூக்கைச் சிந்தினால்கூட, தூரத்துப் புதரில் இருக்கும் இன்னொரு வேட்டைக்காரர் மூக்கை வான்கோழியாக எடுத்துக்கொள்ளலாம். குடியுரிமை வாங்கி இரண்டு வருடம்தான் ஆகிறது. கொடியின் மூன்று நிறங்களையும் ஒளித்துவைத்துவிட்டுத்தான் இந்த நாட்டுக் காட்டுக்குள் போக வேண்டும் என்று குடியுரிமைப் பரீட்சையில் யாரும் சொல்லவில்லை.

வீடியோவில் அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னேன். "ஏண்டா, அங்க கடையில கோழி கிடைக்கலையா?" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "சம்பளம் ஒழுங்கா வருதுல்ல?" என்றாள்.

இந்தப் பறவைக்கு ஊர் பேர் சரியில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். பிறந்தது அமெரிக்கக் கண்டம். ஆங்கிலேயர் வைத்த பெயர் துருக்கி. துருக்கிக்காரர்களோ அதை 'ஹிந்தி' என்கிறார்கள், அதாவது இந்தியாவுடையது. பிரெஞ்சுக்காரர்களின் 'தேந்த்' என்ற சொல்லுக்கும் இந்தியக் கோழி என்பதுதான் மூலம். போர்த்துகீசியர் பெருவுக்கு அனுப்பிவிட்டார்கள். டச்சுக்காரர்கள் இன்னும் குறிப்பாகப் போய் 'கல்கூன்' என்றார்கள். கள்ளிக்கோட்டை என்ற பெயரிலிருந்து வந்தது அது. கள்ளிக்கோட்டை யார்? நம் கோழிக்கோடுதான். ஆக, கோழிக்கோட்டிலிருந்து பஸ்ஸிலேயே போய்விடக்கூடிய ஊர்க்காரன், கோழிக்கோட்டின் பெயரைச் சுமக்கும் அமெரிக்கக் கோழியை மிசூரியில் தேடிக்கொண்டிருந்தேன். பெரியவரிடம் இதை விளக்கினேன். அவர் காபியை உறிஞ்சிவிட்டு, "அப்போ அது உன் சொந்தக்காரன்தான். எங்க இருப்பான்னு உனக்குத் தெரிஞ்சிருக்கணுமே" என்றார்.

எங்கே இருப்பான் என்பதுதான் முழு வேலையும். சீசன் ஏப்ரல் மாதம் மூன்றாவது திங்கட்கிழமை தொடங்கி மூன்று வாரம். சேவலையோ தாடி தெரியும் பறவையையோ மட்டும்தான் சுடலாம். தாடி என்றால் தாடையில் இல்லை, நெஞ்சிலிருந்து குதிரைவால் மாதிரித் தொங்கும் முடிக்கற்றை. மொத்தம் 2 பறவை, முதல் வாரத்தில் 1தான். அரசுக் காட்டில் சூரியன் உதிப்பதற்கு அரை மணி முன்பு தொடங்கி, பகல் 1 மணிக்குத் துப்பாக்கியை மூட்டை கட்டிவிட வேண்டும். சேவலைக் குறிவைப்பதற்குக் காரணம் உண்டு. ஒரு சேவல் பல பெட்டைகளோடு குடும்பம் நடத்துகிற ஜாதி இது. பெட்டைகள் கருவுற்று முட்டையிடத் தொடங்கிய பிறகு சேவல்களில் சில குறைந்தாலும் அடுத்த தலைமுறைக்குப் பெரிய சேதமில்லை. கல்யாணம் முடிந்ததும் மாப்பிள்ளைக்கு மரியாதை குறைவது எல்லா ஊரிலும் நடப்பதுதான்.

காடு என்றால் மார்க் ட்வைன் தேசியக் காடு. சுமார் 15 லட்சம் ஏக்கர், துண்டு துண்டாகத் தெற்கு மிசூரி முழுக்கச் சிதறிக் கிடக்கிறது. அதில் எங்கள் பங்குக்குப் பெரியவர் ஒதுக்கியது இரண்டு மலைமுகடு, ஒரு ஓடை, நடுவில் ஓக் மரங்கள் நிற்கும் ஒரு சமதளம். நான்கு வாரச் சனி ஞாயிறும் அங்கேதான் கழிந்தது.

முதல் நாள் துப்பாக்கியே எடுக்கவில்லை. பைனாகுலர், வரைபடம், பெரியவரின் சட்டைப்பையில் ஒரு குட்டி நோட்டும் பென்சிலும், அவ்வளவுதான். காய்ந்த இலை மண்டிய சரிவில் ஓர் இடத்தில் மட்டும் இலையெல்லாம் விலகி மண் தெரிந்தது. நம் வீட்டுக் கொல்லையில் கோழி சீய்த்துப்போட்ட மாதிரியே. பெரியவர் குச்சியால் காட்டினார். முன்னால் குறுகி, பின்னால் இலை குவிந்து, ஆங்கில எழுத்து 'வி' போல ஒரு வடிவம். காலால் சீய்த்துப் பின்னால் தள்ளுவதால் கூர்முனை எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் நடந்திருக்கிறது. கீழ்மண் இன்னும் ஈரமாக இருந்தால் இன்று காலை, காய்ந்திருந்தால் பழசு.

அடுத்தது எச்சம். இதற்குத்தான் என்னை மண்டியிட வைத்தார். சேவலின் எச்சம் நீளமாக, ஒரு நுனி வளைந்து ஆங்கில 'ஜே' எழுத்துபோல இருக்கும். பெட்டையுடையது சுருண்டு ஒரு உருண்டையாக விழும். பெரும்பாலும் முன்னது சேவல், பின்னது பெட்டை. நாங்கள் கண்டது ஐந்து 'ஜே'. மென்பொருள் கம்பெனியில் இருபது வருடம் பிறர் எழுதியதைச் சரிபார்த்துச் சம்பளம் வாங்கியவன் நான். இவ்வளவு தெளிவாக எழுதப்பட்ட ஒன்றை நான் பார்த்ததே இல்லை. உற்சாகத்தில் ஒரு படம் எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டேன். சித்தப்பா வழக்கம்போல என்னவென்று பார்க்காமலே கும்பிடு போட்டுக் காலை வணக்கம் அனுப்பினார்.

ஓடைக்கரைச் சேற்றில் காலடி கிடைத்தது. நடுவிரல் நீளமாக, உள்ளங்கையை நிரப்பும் அளவுக்கு. அதன் இரண்டு பக்கமும் சீப்பால் இழுத்ததுபோல மெல்லிய கோடுகள். சேவல் தோகையை விரித்து நடை பயிலும்போது இறக்கை நுனி தரையைத் தேய்த்துக்கொண்டு போகும். இடது பக்கக் கோடு வலதைவிட ஆழமாக இருந்தது. மாமா இருந்தால் "நடையில திமிர் இருக்கு" என்றிருப்பார். நான் பெரியவரிடம் இவனுக்கு 'மாப்பிள்ளை' என்று பெயர் வைப்போம் என்றேன். அவர் நாக்கில் அது 'மாப்ளா' என்று வந்தது. நோட்டில் ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டார்.

அன்று மாலை காரில் ஏறும்போது என் முழங்காலுக்குப் பின்னால் ஓர் உண்ணி. முதுகில் வெள்ளைப் புள்ளி வைத்த பெட்டை. பெரியவர் இடுக்கியால் பிடுங்கி எறிந்துவிட்டு, சாதாரணமாகச் சொன்னார்: இந்த ஜாதி உண்ணி கடித்தால் சிலருக்கு ஆட்டுக்கறி, மாட்டுக்கறி, பன்றிக்கறி எதுவும் பிறகு ஒத்துக்கொள்ளாது, உடம்பு தடித்துப்போகும், சமயத்தில் உயிருக்கே ஆபத்து. எனக்கு வியர்த்தது. கரடி வரும், பாம்பு வரும் என்றெல்லாம் பயந்திருக்கிறேன். மட்டன் பிரியாணியைப் பிடுங்கிக்கொண்டு போகும் பூச்சி ஒன்று உலகத்தில் இருக்கும் என்று கற்பனைகூடச் செய்ததில்லை. அந்த வாரக் கடைசியில், எதற்கும் இருக்கட்டும் என்று அரைக் கிலோ ஆட்டுக்கறி வாங்கிச் சாப்பிட்டுப் பார்த்தேன். ஒன்றும் ஆகவில்லை. இருந்தாலும் நிச்சயப்படுத்திக்கொள்ள மறுநாளும் சாப்பிட்டேன். கோழி வகையறாவுக்கு இந்தத் தடை இல்லை என்பது பெரிய ஆறுதல்.

இன்று சாலையோரத்திலேயே நாலைந்து வான்கோழி மேய்வதைப் பார்க்கிறவர்களுக்கு நம்ப முடியாது, ஆனால் 1952ல் மிசூரி முழுக்க 2,500 பறவைக்கும் குறைவாகத்தான் மிஞ்சியிருந்தது. காட்டை வெட்டித் தள்ளியதும் கணக்கில்லாமல் சுட்டதும் காரணம். அதற்கு முன்பே பண்ணையில் வளர்த்த பறவைகளை ஆயிரக்கணக்கில் காட்டில் விட்டுப் பார்த்திருக்கிறார்கள். தீனித் தொட்டியைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு நரி என்றால் என்ன என்று தெரியவில்லை. எல்லாம் போயின. பிறகு 1954 முதல் பெக் ராஞ்ச் என்ற இடத்தில் எஞ்சியிருந்த அசல் காட்டுப் பறவைகளைப் பிடித்து மாநிலத்தின் மற்றப் பகுதிகளில் குடியேற்றினார்கள். 1960ல் 14 மாவட்டங்களில் 3 நாள் மட்டும் வேட்டை திறந்தார்கள். விழுந்தவை 94. பெரியவரின் அப்பா அந்த மூன்று நாளும் காட்டில் உட்கார்ந்திருந்து வெறுங்கையோடு வந்தாராம். அதைச் சொல்லும்போது பெரியவர் முகத்தில் இருந்தது பெருமைதான். பண்ணைக் கோழி கதையைச் சொல்லும்போது மட்டும் என்னை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தார்.

இனி குரல் விஷயம். இந்த வேட்டையின் சூட்சுமமே பெட்டையைப் போலக் குரல் கொடுத்துச் சேவலைக் கூப்பிடுவதுதான். இதில் ஒரு அடிப்படைச் சிக்கல். வான்கோழிகளின் சம்பிரதாயப்படி சேவல் நின்ற இடத்தில் நின்று கத்தும், பெட்டைதான் தேடிப் போக வேண்டும். நாங்களோ மரத்தடியில் உட்கார்ந்துகொண்டு, "எங்க பக்கம் மாப்பிள்ளை வீட்டுக்காரங்கதான் பெண் பார்க்க வரணும்" என்கிறோம். அமெரிக்க மாப்பிள்ளையைத் தமிழ்நாட்டு வழக்கத்துக்கு மாறச் சொல்கிற வேலை. அதனால்தான் பெரும்பாலான சம்பந்தம் முறிந்துபோகிறது.

கருவிகள் பல. மரப்பெட்டியின் மேல் மூடியைச் சாக்கட்டி தடவித் தேய்க்கும் ஒரு வகை உண்டு. ஆர்கன்சா மாநிலத்து டார்டனெல் ஊரைச் சேர்ந்த ஹென்றி கிப்சன் என்பவர் 1897ல் அதற்குக் காப்புரிமை வாங்கினார். கேட்டால் எண்ணெய் போடாத கதவுதான். இன்னொன்று சிலேட்டில் குச்சியால் தேய்ப்பது. பெரியவர் எனக்குத் தந்தது மூன்றாவது வகை: லாடம் போன்ற சட்டத்தில் ரப்பர் ஜவ்வு கட்டிய வில்லை. மேலண்ணத்தில் ஒட்டவைத்து, நாக்கை அழுத்தி ஊத வேண்டும். இரண்டு கையும் துப்பாக்கிக்கு மிச்சமாகும். ழகரம் பழகிய நாக்குக்கு மேலண்ணம் என்ன பிரமாதம் என்று வாயில் போட்டேன். முதல் முயற்சியில் குமட்டியது. இரண்டாவதில் காற்று வந்தது. மூன்றாவதில் வந்த சத்தத்துக்கு மனைவி அடுக்களையிலிருந்து ஓடிவந்து, "என்னங்க, நெஞ்சு வலிக்குதா?" என்றாள். மகள் பள்ளி பேண்டில் கிளாரினெட் வாசிக்கிறவள். அவளுக்குப் புதிதாக ஒன்று பிரித்துக் கொடுத்தேன். வாயில் போட்ட இரண்டாம் நிமிடம் அசல் பெட்டை பேசியது. அதோடு அவளுக்கு அலுத்துவிட்டது.

நான் ஆபீஸ் போகிற வழியெல்லாம் காரில் பழகினேன். சிக்னலில் பக்கத்து வண்டிக்காரர்கள் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்கள்.

சேவல் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க மட்டும் வேறு குரல். ஆந்தை கத்தினாலோ, காக்கை கரைந்தாலோ, இடி இடித்தாலோ, கார்க் கதவை அறைந்து சாத்தினாலோ சேவல் தன்னையறியாமல் பதில் கத்திவிடும். யோசித்துச் செய்வதல்ல, அனிச்சை. கத்தும், ஆனால் வராது. அதனால் இந்தப் பக்கத்து ஆந்தைபோல அலறப் பழகுவார்கள். அதன் குரலை மனதில் வைத்துக்கொள்ள இங்கே ஒரு வாக்கியம் வைத்திருக்கிறார்கள். தமிழில் சொன்னால், "உனக்கு யாரு சமைக்கிறா? உங்க எல்லாருக்கும் யாரு சமைக்கிறா?" கொல்லைப்புறத்தில் நின்று இரவு ஒன்பது மணிக்கு இந்தக் கேள்வியை நான் அலறிப் பழகிக்கொண்டிருந்தபோது ஜன்னல் திறந்தது. "நாந்தான்" என்றாள் மனைவி. "அந்த ஆந்தைக்காவது கேக்கணும்னு தோணுச்சே."

இரண்டாவது சனிக்கிழமைதான் மாப்பிள்ளையை நேரில் பார்த்தேன். ஓக் சமதளத்தின் மறுகோடியில், இருநூறு கஜத்துக்கு அப்பால். முதலில் வெள்ளையாக ஏதோ அசைந்தது. தலை. பைனாகுலரைத் திருகினேன். கருப்பு உடம்பு ஒரு சுற்றுப் பெருத்தது, வால் விசிறியாக நிமிர்ந்தது, இறக்கை தரையைத் தொட்டது. காலை வெயில் முதுகில் விழுந்ததும் கருப்பு கருப்பாக இல்லை. செம்பு, பச்சை, ஊதா எல்லாம் எண்ணெய்ப்படலம்போல ஓடின. மூக்கின் மேலிருக்கும் சதை நீண்டு அலகையும் தாண்டித் தொங்கியது. கன்னம் நீலம், கழுத்து சிவப்பு. இரண்டு அடி நடக்கும், நிற்கும், மெதுவாகத் திரும்பும், பட்டு வேட்டி கட்டிய மாப்பிள்ளை மேடையில் போட்டோவுக்குத் திரும்புவதுபோல. இரண்டு பெட்டைகள் பக்கத்தில் மேய்ந்துகொண்டிருந்தன. ஒன்றுகூட நிமிர்ந்து பார்க்கவில்லை.

பள்ளியில் மனப்பாடம் செய்த மூதுரைச் செய்யுள் ஒன்று வான்கோழியைப் போலிக்கு உதாரணமாக்கி, மயிலிடம் தோற்கவைத்துவிட்டது. நாற்பது வருடமாக நானும் அதை நம்பியிருந்தேன். அன்றைக்கு அந்தச் சமதளத்தில் போலி என்று யாரையாவது சொல்ல வேண்டுமானால், வாயில் ரப்பரை அடக்கிக்கொண்டு புதரில் உட்கார்ந்திருந்த ஒருவனைத்தான் சொல்ல வேண்டும்.

அந்த ஒருவன் செய்த காரியத்தையும் சொல்லிவிடுகிறேன். சீசனுக்கு முன்னால் பெட்டைக் குரல் கொடுக்கவே கூடாது என்று பெரியவர் நூறு தடவை சொல்லியிருந்தார். கூப்பிட்ட இடத்துக்குப் பறவை வந்து, பெட்டையைக் காணாமல், மனிதனைக் கண்டுவிட்டால் அந்தக் குரலை ஆயுளுக்கும் மறக்காது. எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. ஒரே ஒரு தடவை, மெதுவாகத்தான், ஊதினேன். மாப்பிள்ளையின் வால் சீட்டுக்கட்டுபோல மடிந்தது. கழுத்து நீண்டது. தலையைத் திருப்பாமலே சுற்றிலும் முக்கால்வாசி பார்க்கிற கண் அதற்கு. ஒரு வெட்டு வெட்டிக் குரல் கொடுத்துவிட்டு, ஓடைப் பக்கம் இறங்கிப் போய்விட்டது. மணிக்கு 25 மைல் ஓடும் என்று பாடத்தில் படித்திருந்தேன். ஓடக்கூட இல்லை, நடந்தே போனது. அதுதான் அவமானம்.

பெரியவர் திட்டவில்லை. வீடு வரும்வரை பேசவில்லை. இறங்கும்போது கையை நீட்டினார். வில்லையை அவர் கையில் வைத்தேன். ஆசிரியர் கோலிக்குண்டைப் பிடுங்கிக்கொள்வதுபோலச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

பிராயச்சித்தமாகத் திட்டம் போடும் பொறுப்பை நான் எடுத்துக்கொண்டேன். அது என் தொழில். எக்செல் திறந்தேன். தேதி, வெப்பநிலை, காற்று, முதல் குரல் கேட்ட நேரம், எந்தத் திசை, எத்தனை குரல், பெட்டைகள் உண்டா இல்லையா, கடைசியாகப் பார்த்த இடம். காலை இறங்கும் இடத்துக்குத் திட்டம் 'அ'. பெட்டைகள் முட்டையிட ஒவ்வொன்றாகக் கழன்றுகொண்ட பிறகு, ஒன்பது பத்து மணிக்கு மாப்பிள்ளை தனிமையில் அலைவார் என்பதால் அதற்குத் திட்டம் 'ஆ'. ஒரு பெட்டை பத்துப் பன்னிரண்டு முட்டை இடும், பிறகு 28 நாள் அடைகாக்கும். அந்தக் காலத்தில் சேவலைத் திரும்பிப் பார்க்காது. ஆக மூன்றாம் வாரத்துக்குத் திட்டம் 'இ'. முதல் நாள் நாம் விசாரித்த மாப்பிள்ளையை இன்னும் நாலு கட்சிக்காரர்கள் விசாரித்திருப்பார்கள், பாதை முனையில் வேறு வண்டி நின்றால் திட்டம் 'ஈ'. வண்ணம் பூசி, அச்செடுத்து, பிளாஸ்டிக் உறை போட்டுக் கொடுத்தேன்.

பெரியவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நாலு பக்கமும் படித்தார். "நல்லாத்தான் இருக்கு. அவனுக்கு ஒரு பிரதி அனுப்பிட்டியா?" என்றார்.

அவருடைய நோட்டில் அந்த வாரத்துக்கு ஒரே வரிதான் இருந்தது. எந்த மரத்தில் அடைகிறான்?

உண்மையில் எல்லாம் அந்த ஒரு வரியில்தான் தொங்குகிறது. இரவு வான்கோழிக்குக் கண் மங்கல். பொழுது சாய்ந்ததும் உயரமான மரத்தில் ஏறி அடைந்துவிடும். எந்த மரம் என்று முதல்நாள் மாலையே தெரிந்துவிட்டால், விடிவதற்கு முன் இருட்டோடு போய் நூறு கஜம் தள்ளி, தோள் அகலத்தைவிடப் பெரிய மரமாகப் பார்த்து முதுகைச் சாய்த்து உட்கார்ந்துவிடலாம். அதற்காக வெற்றி என்று நினைத்துவிடக்கூடாது. அடைந்ததெல்லாம் அடுப்பில் ஏறாது என்கிற அர்த்தத்தில் இங்கே ஒரு பழமொழியே இருக்கிறது.

நான் கெடுத்துவைத்ததற்குப் பிறகு மாப்பிள்ளை மாலையில் வாய் திறப்பதே இல்லை. ஞாயிறு மாலையைக் கழித்தால் சீசன் தொடங்க ஒரே ஒரு மாலைதான் பாக்கி என்று பெரியவர் கணக்குப் போட்டார். சனிக்கிழமை. இருட்டத் தொடங்குவது ஏழரை மணிக்கு. சனியும் ஏழரையும் சேர்ந்த நேரத்தில் ஒரு காரியத்துக்குப் போகிறோமே என்று எனக்கு உள்ளூர உதறல். அவரிடம் இதை எப்படி விளக்குவது?

காட்டில் செந்நிறப் பூவும் வெள்ளைப் பூவும் சரிவெல்லாம் பூத்துக் கிடந்தன. ஓடையில் குட்டித் தவளைகள் கத்த ஆரம்பித்திருந்தன. முகட்டில் ஒரு சுண்ணாம்புப் பாறை மேல் உட்கார்ந்தோம். பெரியவர் ஆந்தையாக அலறினார். அவர் ஆந்தைக்கு நிஜ ஆந்தையே பதில் சொல்லும். ஒன்று சொல்லவும் செய்தது. மாப்பிள்ளை சொல்லவில்லை. பத்து நிமிடம் கழித்துக் காக்கைக் குழல் ஊதினார். தூரத்தில் காக்கைகள் கூடிவிட்டன. மாப்பிள்ளை இல்லை. வெளிச்சம் வடிந்துகொண்டே இருந்தது. பெரியவர் நோட்டை மூடிப் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டார்.

எனக்குப் பசித்தது. மான் வேட்டை என்றால் வாசனைக்குப் பயந்து வெறும் தண்ணீர்தான். வான்கோழிக்கு மூக்கு அவ்வளவாக வேலை செய்யாது என்பதால் மனைவி தைரியமாகப் புளியோதரை கட்டிக் கொடுத்திருந்தாள். பழைய எவர்சில்வர் டிபன் பாக்ஸ், எங்கள் கல்யாணத்துக்கு மாமா சீர் வைத்தது, மூடியில் அவர் பெயரும் தேதியும் வெட்டியிருக்கும். குளிரில் மூடி இறுகிக்கொண்டது. முழங்காலுக்கு நடுவில் வைத்துத் திருகினேன். பட்டென்று விட்டது. மூடி பறந்து போய்ப் பாறையில் விழுந்து, ஙொய்ங் என்று சுழன்று சுழன்று அடங்கியது.

அடங்குவதற்குள் பதில் வந்தது. ஓடையிலிருந்து, நேர் கீழே. சிரிப்பை அடக்கி அடக்கி, முடியாமல் தொண்டையோடு வெடித்ததுபோல ஒரு குரல். காடு முழுக்க உருண்டது.

பெரியவர் என்னைப் பார்த்தார். நான் மூடியைப் பார்த்தேன்.

"இன்னொரு தடவை போடு" என்று உதட்டை மட்டும் அசைத்தார்.

போட்டேன். மறுபடியும் வெடித்தது. பைனாகுலரைக் கண்ணில் வைத்து ஓடையோரம் துழாவினார். வெள்ளை வெளேரென்று பட்டை உரிந்த பெரிய சிகமோர் மரம், வலது பக்கம் மூன்றாவது கிளை, அதில் மூட்டை மாதிரி ஒரு கருப்பு. நோட்டைத் திறந்து வரி வரியாக எழுதினார். பிறகு என் கையிலிருந்து மூடியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மாமாவின் பெயரை விரலால் தடவி இது என்ன எழுத்து என்று கேட்டார். மின்சாரக் கருவியில் பதிவுசெய்த குரலைப் போடக்கூடாது என்று சட்டம் இருக்கிறது, இதில் பேட்டரி இல்லையே என்று தனக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டார். எவர்சில்வரைப் பற்றி மிசூரிச் சட்டத்தில் ஒரு வார்த்தையும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை ராத்திரி அவர் வாசலுக்கு வந்து என் வில்லையைத் திருப்பிக் கொடுக்கவில்லை. நாளைக்குக் கொண்டுவர வேண்டியவற்றின் பட்டியலைக் கொடுத்தார். உரிமச் சீட்டு. தண்ணீர். உண்ணி மருந்து. 4ஆம் நம்பருக்கு மேல் பருமன் இல்லாத ரவை. கடைசி வரியில் 'மூடி' என்று எழுதி இரண்டு கோடு போட்டிருந்தார்.

மனைவியிடம் பட்டியலை நீட்டினேன். ரவை என்றதும் அலமாரியைப் பார்த்தாள். உப்புமா ரவை இல்லை, துப்பாக்கி ரவை, அது அவரே கொண்டுவருவார் என்று விளக்க வேண்டியிருந்தது.

"டிபன் பாக்ஸ்ல என்ன வைக்க?" என்றாள்.

"ஒண்ணும் வேண்டாம். மூடி மட்டும் போதும்."

என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். காரணம் கேட்கவில்லை. ஒரு மாதமாக அவள் எதற்கும் காரணம் கேட்பதை விட்டிருந்தாள். மூன்று மணிக்கு அலாரம் வைத்துவிட்டுப் படுத்தேன். எழுந்து இருட்டில் ஷூவை மாட்டிக்கொண்டிருந்தபோது தூக்கக் கலக்கத்தோடு வந்து பையை நீட்டினாள்.

"உள்ள மூடி இருக்கு. காட்டுல கடகடன்னு சத்தம் போட்டுத் தொலைச்சிரும்னு பழைய துண்டுல நாலு சுத்து சுத்தி, ஊசி போட்டுத் தச்சிட்டேன்" என்றாள்.